கட்டாக் கருவாடும் இடது காதும்

முள்ளியவளை
03.02.2025

அண்ணைக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் தனுஷாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்த இரண்டு வரியும் அப்பா பழக்கிய பழக்கத்துக்காக எழுதியவை. இனி வருவதுதான் என் மனதில் உள்ளது.

நாலு தரம் போன் எடுத்தேன். நாலு தரமும் உங்கள் மகள் தனுஷாதான் எடுத்து, "அப்பா வயலுக்க நிக்கிறார் மாமி" என்றாள். எந்த நேரமும் வயலுக்குள் நிற்கிற ஆளுக்குக் கடுதாசிதான் சரி. போஸ்ட் மாஸ்டராக இருந்து பென்ஷன் எடுத்த என் மனுசனுக்கு, உங்கள் மச்சானுக்கு, இதில் நல்ல சந்தோசம். முத்திரையைத் தானே போய் வாங்கி வந்து தந்தார்.

தாட்சாயினி எனக்கு ஒரே பிள்ளை. தாய்மாமன் என்று அவளுக்கு உலகத்தில் நீங்கள் ஒரு ஆள்தான். அவளின் கலியாணத்தில் அறுகரிசி போட்டு வாழ்த்த உங்களைக் கூப்பிட்டால், இரண்டு அடி வைத்துத் தள்ளாடி, நிறைகுடத்தைத் தட்டிவிட்டு, மணவறைப் படியில் விழுந்தீர்கள். தூக்கி இருத்தினால் வாயால் சத்தி எடுத்தீர்கள். சம்பந்தி அம்மா முன்கதிரையில் இருந்து எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தா. பக்கத்தில் இருந்தவரிடம் அவா சொன்னது என் காதில் விழுந்தது: "பொம்பிளையின்ரை மாமன் குடிச்சிட்டு நல்ல வெறி." குடத்துத் தண்ணீர் பிள்ளையின் கூறைச்சேலைக் கரைவரைக்கும் ஓடியது. எனக்கு அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டால் நல்லது போல இருந்தது.

உங்கள் மனுசி, என் மச்சாள், கண்மூடுகிறபோது அவாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவர் நீங்கள். ஆறு வருடமாகத் தொடவில்லை என்று போகிற இடமெல்லாம் நான் பெருமை பேசினேன். கடைசியில் என் பிள்ளையின் கலியாணத்துக்கா தொட வேண்டும்?

வைகாசி விசாகத்துக்கு வற்றாப்பளை அம்மாளுக்குப் பொங்க, அப்பா காலத்திலிருந்து உங்கள் வயல் அரிசிதான் வரும். இந்த வருடம் வேண்டாம். கடையில் வாங்கிப் பொங்குவேன். அரிசி கொண்டு நீங்கள் வரவும் வேண்டாம்.

இப்படிக்கு,
கமலாசனி

(தங்கச்சி என்று எழுதக் கை வரவில்லை.)


வட்டக்கச்சி
15.02.2025

தங்கச்சி கமலாசனிக்கு,

உன் கடுதாசி கிடைத்தது. திட்டுகிறபோதுதான் உனக்குக் கையெழுத்து அழகாக வரும். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான்.

ஓம், அன்றைக்குக் கொஞ்சம் எடுத்துவிட்டேன். பழைய ஆட்கள் வந்தார்கள், மறுக்க முடியவில்லை. பிழை என்னுடையது. பிள்ளையிடமும் மாப்பிள்ளையிடமும் மாமன் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். இதற்குமேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

வயல் வெட்டி முடிந்தது. கடைசி மழை கொஞ்சம் படுத்திவிட்டது, ஆனாலும் குறை சொல்ல முடியாது. ஆட்டக்காரி நெல்லில் ஒரு மூட்டை தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று நீ எழுதியதை வாசித்த பிறகுதான் எடுத்து வைத்தேன்.

சிறுபோக நெல் விதைப்புக்கும் எங்கள் வாய்க்கால் கதவின் திறப்பு, அந்தச் சாவி, என்னிடம்தான் இருக்கும். பன்னிரண்டு வருடமாகிறது. மேல்வயல்காரனும் கடைசி வயல்காரனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். ஆனால் எந்த நேரம் கதவைத் திறப்பது, எந்த நேரம் பூட்டுவது என்று நான் சொன்னால் இரண்டு பேரும் கேட்பார்கள். உன் மச்சாள் போன பிறகு எனக்கு விடிவது அந்தத் திறப்பை இடுப்பில் செருகுவதற்காகத்தான்.

போனில் கதைக்க எனக்கு விருப்பமில்லை. கடுதாசியே எழுது.

அண்ணன்,
அப்புத்துரை


முள்ளியவளை
02.03.2025

அண்ணைக்கு,

பிழை என்று ஒப்புக்கொண்டவரை மேலும் மிதிக்கக் கூடாது. அதனால் இந்தக் கடுதாசியில் திட்டு இல்லை. திட்டு தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், ஆறப் போட்டிருக்கிறேன்.

உங்கள் மச்சான் ஒரு புதுக்கதை சொல்கிறார். "நான் பக்கத்திலை இருந்தனான். அப்புத்துரை சோடாதான் குடிச்சவர்" என்கிறார். இவர் எப்போதும் ஆண்களுக்குத்தான் சாட்சி சொல்வார். நீங்களே ஒப்புக்கொண்டு எழுதிய கடுதாசியைக் காட்டினேன். வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இருக்கிறார்.

கடற்கரையில் நல்ல கட்டாக் கருவாடு வந்தது. இரண்டு கிலோ கட்டி, மாங்குளம் போகிற பஸ் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். சந்தியில் தனுஷா எடுக்கட்டும். இது சமாதானம் இல்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள், நினைக்கட்டும் என்றுதான் அனுப்புகிறேன்.

அரிசி விஷயத்தில் மாற்றம் இல்லை. சம்பந்தி வீட்டில் ஏதாவது பேச்சு வந்தால் "உன்ரை மாமன்" என்றுதான் தொடங்குகிறார்களாம். பிள்ளை சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கமலாசனி


வட்டக்கச்சி
18.03.2025

தங்கச்சி கமலாசனிக்கு,

கருவாடு வந்து சேர்ந்தது. அருமை. காலை, மத்தியானம், இரவு மூன்று நேரமும் அதுதான். இரண்டு கிலோவும் முடிகிறது, இன்னும் அனுப்பு. உப்புக் கூடினதாகப் பார். கழுவாமலே பொரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது. முன்பு வயலுக்குப் போனால் ஒரு போத்தல் தண்ணீர் காணாது. இப்போது நாளுக்கு இரண்டு மிடறு, ஒரு வெறும் தேத்தண்ணீர். உடம்பை நன்றாக வற்ற வைத்திருக்கிறேன். இந்த வயதில் கட்டுப்பாடு வேண்டும்.

இரணைமடுக் குளத்தில் தண்ணீர் போதுமான அளவு நிற்கிறது. சித்திரைக் கடைசியில் கூட்டம் வைத்துச் சிறுபோகத்துக்கு ஏக்கர் பிரிப்பார்கள். அதற்குள் நான் ஆளாகிவிட வேண்டும்.

எழுத்துச் சரிந்திருந்தால் மன்னித்துக்கொள். மேசை சரி இல்லை.

அண்ணன்,
அப்புத்துரை


முள்ளியவளை
03.04.2025

அண்ணைக்கு,

இன்னும் இரண்டு கிலோ அனுப்பினேன், கிடைத்திருக்கும். அனுப்பிய பிறகுதான் யோசித்தேன். அம்மா கருவாடு வெட்டினால் மூக்கைப் பொத்திக்கொண்டு வளவுக்குள் ஓடுகிறவர் நீங்கள். குளத்து மீன் தவிர ஒன்றையும் தொடாதவர். அறுபத்து மூன்று வயதில் உங்கள் நாக்கு மாறிவிட்டதா?

உங்கள் கடுதாசியை உங்கள் மச்சான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முப்பது வருடம் ஊராரின் கையெழுத்தைப் பார்த்தவர். "மேசை சரிஞ்சால் எழுத்துச் சரியாது கமலா. ஆள் சரிஞ்சால்தான் சரியும்" என்றார். போன வருடம் நீங்கள் எழுதிய பொங்கல் வாழ்த்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அது நாற்று நட்ட வரிசை மாதிரி இருக்கிறது. இது கீழே போகப் போக வலப்பக்கம் ஓடுகிறது.

அதற்குமேல் "ஆளாகிவிட வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது நீங்கள் என்னவாக இருக்கிறீர்கள்?

தனுஷாவுக்குப் போன் எடுத்தேன். "அப்பாட்டையே கேளுங்கோ மாமி, சொல்லமாட்டன் எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கியிருக்கிறார்" என்று சொல்லி அழுதுவிட்டாள். அதோடு எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. மணவறையில் உங்களைத் தூக்கியது நான். உங்கள் முகம் என் தோளில்தான் கிடந்தது. சந்தன வாசம் வந்தது, வியர்வை வாசம் வந்தது. வேறு ஒரு வாசமும் வரவில்லை. அன்றைக்கு இருந்த கோபத்தில் அது என் புத்தியில் ஏறவில்லை.

உண்மையை எழுதுங்கள். எழுதாவிட்டால் நான் பஸ் ஏறி வருவேன்.

கமலாசனி


வட்டக்கச்சி
12.04.2025

தங்கச்சி,

பஸ் ஏறாதே. எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் தொடங்கியது. குளத்தில் முங்கி எழும்பினால் காது அடைக்குமே, அப்படி இடது காது அடைத்தது. பிறகு உள்ளே ஒரு வண்டு இரையத் தொடங்கியது. ஒரு நாள் வரம்பில் நிற்கிறேன், வயல், மரம், வானம் எல்லாம் என்னைச் சுற்றி ஓடின. கண்ணை மூடினாலும் ஓடின. சத்தி எடுத்துவிட்டு அரை நாள் வரம்பிலேயே கிடந்தேன். அடுத்த நாள் ஒன்றும் நடக்காத மாதிரி எழும்பி வேலை செய்தேன். மாதத்தில் ஒரு தரம், இரண்டு தரம் வரும். எப்போது வரும் என்று தெரியாது. இடது காதில் போனை வைத்தால் ஆட்கள் தகரப் பேணிக்குள் இருந்து கதைக்கிற மாதிரி இருக்கும். வலது காதில் வைத்தாலும் வண்டு விடாது. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்று தனுஷா சொன்னாள். திரையில் எழுத்து ஓடுவதைப் பார்த்தாலே எனக்குச் சுற்றும். அதுதான் கடுதாசி.

தனுஷா பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காதுக்குள்ளே ஒரு நீர் கூடிவிட்டது, அதுதான் வருத்தம், அதுதான் நோய் என்றார்கள். குளிசை தந்தார்கள். சாப்பாடு பற்றி எழுதிய ஒரு கடுதாசித் துண்டும் தந்தார்கள், அதை நான் வாசிக்கவில்லை. நீர் கூடின வயலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? வாய்க்காலைப் பூட்டு, வயல் தானாகக் காயும். அதனால் தண்ணீரை நிறுத்தினேன். பிறகு உன் கருவாடு வந்தது. பச்சை மீனில் இருக்கிற தண்ணீரையெல்லாம் இழுத்தெடுப்பது உப்புத்தானே? மீனுக்குச் செய்கிற வேலையைக் காதுக்கும் செய்யும் என்று நினைத்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு மருந்து மாதிரி மூன்று நேரமும் தின்றேன்.

கலியாணத்தன்று காலையிலிருந்து காது கனத்தது. பச்சைத் தண்ணீர் இல்லாமல் இருந்தேன், உன் மனுசன் வற்புறுத்தி ஒரு சோடா தந்தார். அறுகரிசியைக் கையில் எடுத்தபோது மணவறையே சுற்றியது. அவ்வளவுதான். உன் மச்சாளுக்குச் செய்த சத்தியத்தை நான் மீறவில்லை. நீ அதை எழுதியிருந்த இடத்தை மட்டும் நான் இரண்டாம் தரம் வாசிக்கவில்லை.

பிறகு ஏன் ஒப்புக்கொண்டாய் என்று கேட்பாய். எங்கள் வாய்க்கால் கதவை நீ பார்த்திருக்கிறாய். மேலே ஒரு பலகை, அதில் நின்றுதான் திருக வேண்டும். கீழே இடுப்புக்கு மேல் தண்ணீர் இழுக்கும். வெறிகாரன் விடிந்தால் தெளிந்துவிடுவான். தலைச்சுற்றுக்காரனுக்கு அந்தத் திறப்பை யார் கொடுப்பார்கள்? திறப்புப் போனால் நான் கதிரையில் இருந்து வாசல் கேட்டைப் பார்க்கிற ஒரு கிழவன். அதைவிட வெறிகாரன் என்ற பெயர் பரவாயில்லை என்று நினைத்தேன்.

போன கிழமை இரண்டு தரம் வந்தது. ஒன்று வாய்க்கால் கரையில். மரக்கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தேன். யாரும் பார்க்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது தங்கச்சி. வேறு யாரிடமும் சொல்லாதே.

அண்ணன்


முள்ளியவளை
19.04.2025

அன்புள்ள அண்ணைக்கு,

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களை வெறிகாரன் என்றேன். அது போதாதென்று நாலு கிலோ உப்பை என் கையாலேயே கட்டி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பொதியை நினைத்தால் என் கையைப் பிடித்து உடைக்கலாம் போல இருக்கிறது.

மீனுக்கு உப்புப் போடுவது மீன் செத்த பிறகு அண்ணை. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள்.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். மிச்சக் கருவாட்டைத் தனுஷாவிடம் கொடுங்கள், இளம் பிள்ளை, அவள் தின்னட்டும். அந்தத் துண்டைத் தேடி எடுத்து வாசியுங்கள். கிளினிக்குக்குப் போய், என்ன தின்றீர்கள், என்ன குடித்தீர்கள் என்று ஒன்றும் மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டால் வருத்தம் போகாது.

பிறகு தவராசாவிடம் சொல்லுங்கள். கமக்காரர் அமைப்பின் தலைவர் அவர், அவருக்குத் தெரியாமல் நீங்கள் அந்தப் பலகையில் ஏறக் கூடாது. நான் யாருக்கும் சொல்லமாட்டேன், என் பிள்ளைக்குக்கூட. ஆனால் நீங்கள் சொல்ல வேண்டும். வாய்க்காலுக்குள் விழுந்து போய்விட்டால் திறப்பு உங்கள் இடுப்பில்தான் இருக்கும், அதை வைத்து என்ன செய்வது? எனக்குத் திறப்பு வைத்திருக்கிற அண்ணன் வேண்டாம். அண்ணன் வேண்டும்.

அரிசி பற்றி நான் எழுதியதைக் கிழித்துப் போடுங்கள். நீங்கள் கொண்டு வந்தால்தான் பொங்குவேன், இல்லாவிட்டால் இந்த வருடம் பானை வைக்கமாட்டேன். ஆனால் தவராசாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள். மறைத்துக்கொண்டு அம்மாள் வாசலுக்கு வர வேண்டாம்.

தங்கச்சி,
கமலா


வட்டக்கச்சி
11.05.2025

அன்புத் தங்கச்சி,

நீ சொன்ன இரண்டும் முடிந்தது. முதலில் சுகமானதைச் சொல்கிறேன்.

கிளினிக்கில் இப்போது டொக்டர் றிஸ்னா என்று ஒரு பிள்ளை. முல்லைத்தீவுப் பக்கம், உன்னைப் போலவே வேகமான வாய். கருவாட்டுக் கதையைச் சொன்னேன். பேனையை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "ஐயா, மூண்டு நேரமுமா?" என்றாள். தனுஷா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு சிரிக்கிறாள்.

அந்தப் பிள்ளை விளங்கப்படுத்தியது இதுதான். உள்காதில் எலும்புக்குள்ளே சின்னச் சவ்வுப் பை ஒன்று இருக்கிறது. அதில் இருக்கிற நீர் கேட்கவும் வேண்டும், விழாமல் நிற்கவும் வேண்டும். அது அளவுக்கு மிஞ்சினால் பை வீங்கிக் காது அடைக்கும், இரையும், தலை சுற்றும். ஏன் மிஞ்சுகிறது என்று முழுதாக யாருக்கும் தெரியாதாம். ஆனால் நாங்கள் குடிக்கிற தண்ணீர் நேரே அங்கே போய்த் தேங்குவதில்லை. தண்ணீரை நிறுத்தினால் உடம்பு பயந்துவிடும். இருக்கிற நீரை விடாமல் இறுக்கிப் பிடிக்கும். உப்பும் கூடினால் பிடி இன்னும் இறுகும். அந்தப் பிடிதான் காதையும் குழப்புகிறது என்று நினைக்கிறார்களாம்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. இந்தக் கிழமை தண்ணீர் வராது என்று ஒரு கதை வந்தால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? ஆளுக்கொரு மண்மூட்டை போட்டு வாய்க்காலை மறிப்பார்கள். ஒருத்தன் வயல் நிரம்பி வரம்பு உடையும், அடுத்தவன் வயல் வெடிக்கும். ஒழுங்காக முறைத் தண்ணீர் விட்டால் ஒருத்தனும் மறிக்கமாட்டான். பன்னிரண்டு வருடம் ஊருக்கு முறைத் தண்ணீர் விட்டவன், என் உடம்புக்கு விடவில்லை. அதைச் சொன்னபோது டொக்டர் பிள்ளை, "இதை நான் மற்றாக்களுக்கும் சொல்லப்போறன் ஐயா" என்றாள். இப்போது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு கிளாஸ். உப்பு மிகக் குறைவு. தேத்தண்ணீர் காலையில் ஒன்று. இருபது நாளாகச் சுற்று வரவில்லை. வண்டு மட்டும் இருக்கிறது. இடது காதில் போன கேட்கும் சக்தி முழுதாகத் திரும்பாது என்று அவள் நேராகவே சொல்லிவிட்டாள்.

இனிக் கூட்டம். பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லாரும் இருந்தார்கள். ஏக்கர் பிரித்து முடிய நான் எழும்பினேன். எல்லாவற்றையும் சொன்னேன், கருவாட்டைத் தவிர. சொல்லிவிட்டுத் திறப்பை எடுத்து மேசையில் வைத்தேன்.

தவராசா திறப்பைப் பார்த்துக்கொண்டு, "அண்ணை, நீங்கள் திரும்பக் குடிக்கத் தொடங்கியிட்டியள் எண்டு பங்குனியிலேயே எங்களுக்குக் கதை வந்திட்டுது. வெறிகாரனிட்டைத் திறப்பு இருக்கேலாது, இண்டைக்கு வாங்கவேணும் எண்டு நாங்கள் முடிவெடுத்துத்தான் வந்தனாங்கள். எப்பிடிக் கேக்கிறதெண்டுதான் தெரியேல்லை" என்றான்.

பார்த்தாயா? எந்தப் பொய்யைச் சொல்லித் திறப்பைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேனோ, அந்தப் பொய்தான் அதைப் பறிக்க வந்திருக்கிறது. நீ விரட்டாமல் விட்டிருந்தால் பெயரும் போய்த் திறப்பும் போயிருக்கும்.

கடைசி வயல்காரன் எழும்பி, "நேரம் சொல்லுறதுக்குத் தலை சுத்தாதுதானே? அவரே சொல்லட்டும், நாங்கள் திருகுறம்" என்றான். மேல்வயல்காரன் ஓம் என்றான். இரண்டு பேரும் ஒன்றுக்கு ஓம் என்றதை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. இப்போது திறப்பு என் இடுப்பில். முறை யாருடையதோ அவர் வந்து பலகையில் ஏறித் திருகுவார். நான் கரையில் நின்று அளவு பார்ப்பேன். அமைப்பின் கூட்டக் குறிப்பில் அப்படியே பதிந்துவிட்டார்கள்.

அரிசி குத்தி வைத்திருக்கிறேன்.

அண்ணன்,
அப்புத்துரை


முள்ளியவளை
27.05.2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடுதாசியை உங்கள் மச்சான் சத்தமாக வாசித்தார், நான் குசினி வாசலில் இருந்து கேட்டேன். தவராசா சொன்ன இடம் வந்தபோது இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் கொஞ்சம் அழுதேன். இப்போது சுகம்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முந்தியே வாருங்கள். மாங்குளத்தில் பஸ் மாறுகிறபோது வெயிலில் நிற்க வேண்டாம், இவர் வந்து சந்தியில் நிற்பார். அந்தக் கிழமை முழுக்க இங்கே காட்டு விநாயகர் கோயிலில் கடல் தண்ணீரில் அம்மாளின் விளக்கு எரியும். உப்புத் தண்ணீர் அம்மாளுக்கு மட்டும். உங்களுக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர், ஒரு மண்கூசா தனியாக வாங்கி வைத்திருக்கிறேன்.

உப்பைக் குறைத்துச் சமைக்கப் பழகுகிறேன். தேசிக்காய்ப் புளி, மிளகு, சின்னச்சீரகம் என்று கையில் அகப்பட்டதெல்லாம் போடுகிறேன். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று இவர் முணுமுணுக்கிறார், ஆனால் கோப்பையில் மிச்சம் இல்லை.

தாட்சாயினியும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். சம்பந்தி அம்மாவும் வருவா. அவா வருவது எனக்குத் தேவை.

தங்கச்சி,
கமலா


வட்டக்கச்சி
14.06.2025

அன்புத் தங்கச்சி,

நானும் தனுஷாவும் சுகமாக வீடு வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் தனுஷா மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் தந்தாள். அது போதாதென்று நீ கட்டித் தந்த போத்தலும் இருந்தது. வழியில் இரண்டு இடத்தில் பஸ்ஸை நிற்பாட்ட வேண்டி வந்தது. கண்டக்டர் என்னை வாழ்த்தவில்லை.

வயல் பச்சை பிடித்துவிட்டது. முறை பிசகாமல் தண்ணீர் போகிறது. பொங்கலன்று காலை காது கொஞ்சம் கனத்தது, உனக்குச் சொல்லவில்லை. சனமும் வெயிலும் பறைச் சத்தமும் எனக்குப் பயமாக இருந்தது. விழுந்தால் திரும்பவும் அதே கண்கள் பார்க்கும் என்று நினைத்தேன். நீ என் இடப்பக்கம் வந்து முழங்கைக்குமேல் பிடித்தாய், வீடு வரும்வரை விடவில்லை. நான் விழவில்லை.

பானை பொங்கிச் சரிந்த பிறகு பிள்ளையும் மாப்பிள்ளையும் காலில் விழுந்தார்களே, அதற்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. அரிசிப் பையில் ஒரு பிடி மிச்சம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. தைமாதம் போட எடுத்து நிலத்தில் கொட்டிய அறுகரிசியை வைகாசியில் போட்டேன். இந்தமுறை நேரே தலையில் விழுந்தது, நீ பார்த்திருப்பாய்.

இனி ஒன்று கேட்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடுதாசி.

பொங்கல் இறக்கி வைத்த பிறகு சம்பந்தி அம்மா உனக்கு முன்னால் நின்றா. நீ அவாவிடம் ஏதோ சொன்னாய். கனநேரம் சொன்னாய். என் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னாய், உன் விரல் இறுகியது எனக்குத் தெரிந்தது. ஆனால் நீ நின்றது என் இடது காதுப் பக்கம், வலப்பக்கம் பறை. எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. சம்பந்தி அம்மாவின் முகம் மாறியதை மட்டும் பார்த்தேன். பிறகு அவா கூசாவில் இருந்து தண்ணீர் வார்த்து, இரண்டு கையாலும் எனக்குத் தந்தா. நான் ஏன் என்று தெரியாமலே வாங்கிக் குடித்தேன்.

பஸ்ஸில் தனுஷாவிடம் கேட்டேன், "மாமி என்ன சொன்னவா?" என்று. "மாமியிட்டையே கேளுங்கோ" என்கிறாள். இந்தப் பிள்ளைக்கு இது ஒரு பழக்கமாகிவிட்டது.

அதை எழுதி அனுப்பு. நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்கு ஓரளவு தெரியும். ஆனாலும் உன் கையெழுத்தில் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

அண்ணன்,
அப்புத்துரை


முள்ளியவளை
20.06.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நான் வேண்டுமென்றேதான் இடப்பக்கம் நின்றேன். உங்களுக்குக் கேட்டால் "விடு கமலா, விடு" என்று நடுவில் மறித்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். சொன்னது இதுதான், ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதுகிறேன்:

"சம்பந்தி அம்மா, என்ரை பிள்ளையின்ரை கலியாணத்திலை என்ரை அண்ணை வெறியிலை விழேல்லை. அவருக்குக் காதுக்குள்ளை வருத்தம். அவர் குடிக்கிறேல்லை, ஆறு வருசமாக் குடிக்கிறேல்லை. நீங்கள் பிழையா நினைச்சதிலை பிழை இல்லை, நீங்கள் அவரைக் கண்டது அண்டைக்குத்தான். நான் அம்பத்தெட்டு வருசமாக் கண்டனான். என்ரை தோளிலைதான் விழுந்தவர், ஒரு வாசமும் இல்லை. அப்பிடியிருந்தும் என்ன நடந்தது எண்டு ஒரு வார்த்தை கேக்காமல் நான்தான் வெறி எண்டு முடிவுகட்டினனான். அந்தப் பிழை என்ரை. இனி என்ரை பிள்ளைக்கு முன்னாலை அவரைப் பற்றிக் கதைக்கேக்கை இதை நினைச்சுக்கொண்டு கதையுங்கோ."

அவ்வளவுதான். உங்களிடம் நேரே சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது எழுதியிருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணை.

உங்கள் மச்சான் முத்திரையோடு வாசலில் நிற்கிறார், தபால் எடுக்கிற நேரம் வந்துவிட்டதாம். கூசாவை இங்கேயே வைத்திருக்கிறேன், அடுத்த வருடமும் வேண்டும். இந்தக் கடுதாசியை வாசிக்கிறபோது இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தால், எழும்பிப் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி வாசியுங்கள்.

உங்கள் தங்கச்சி,
கமலா